சுவரில் ஒரு துளை

கொலன்னாவை என்றதும் கொழும்பு மக்களின் நினைவுக்கு முதலில் வருவன எண்ணெய்த் தாங்கிகளே. அடுத்து வருவது களனி கங்கையின் வெள்ளம். மின்சாரத்தை நினைப்பவர் மிகச் சிலர். ஆயினும், மலைநாட்டு நீர்வீழ்ச்சியின் ஆற்றல் கம்பி வழியே நடந்து தலைநகரின் வாயிலை வந்தடைந்த இடம் கொலன்னாவையாகும். 1950ஆம் ஆண்டில் லக்சபானாவின் முதலாவது நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபோது, அங்கே பிறந்த மின்சாரம் கொலன்னாவை உபநிலையத்துக்கு வந்தே கொழும்புக்குப் பங்கிடப்பட்டது. இலங்கையின் நீர்வலுவைப் பயன்படுத்துவதன் பொருளாதாரம் பற்றி எந்திரி டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் ஆய்வுரை படித்தார். அவர் கண்ட கனவு நனவாக முப்பத்திரண்டு ஆண்டுகள் சென்றன.

கம்பி வந்து சேர்ந்த அதே ஊரில், இன்று எழுந்துகொண்டிருக்கும் மாடி வீடுகளினிடையே சென்று பார்ப்போர், கம்பியே இல்லாத ஒரு கருவி கொங்கிறீற்றைத் துளைப்பதைக் காண்பர். கைத்துப்பாக்கியை ஒத்த உருவம். பிடியின் அடியிலே செங்கல்லிற் பாதியளவான ஒரு பற்றரி. தொழிலாளர் இதனை 'ஹமர் ட்ரில்' என்பர். அப்பெயரில் ஒரு மயக்கம் உண்டு. அதனைப் பின்னர் தெளிவாக்குவோம். இவ்வுரையில் இதற்குச் சுழல்சம்மட்டி என்று பெயர் கொள்வோமாக.

இதனை எவ்வாறு தேர்ந்து வாங்குவது என்னும் கேள்விக்கு வரலாற்றுச் சொற்பொழிவில் இடம் யாது என்று நேயர்கள் வினவலாம். ஒரு மேசன் தொழிலாளிக்கு இக்கருவியின் விலை பல நாட் கூலிக்குச் சமம். தவறானதை வாங்கினால் அப்பணம் வீணாவதோடு, ஆண்டுகள் செல்லச் செல்ல விரல்களின் உணர்ச்சியும் நெஞ்சின் மூச்சும் குறையக்கூடும். கடையிலே கருவியின் பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும் எண்கள் ஒவ்வொன்றின் பின்னாலும் முன்னோர் பட்ட பாடு ஒன்று இருக்கிறது. அப்பாட்டை அறிந்தவனுக்கே அவ்வெண்ணின் பொருள் விளங்கும்.

வன்பொருளைத் துளைப்பதற்கு மனிதன் கண்ட வழிகள் இரண்டு. ஒன்று சுழற்றுதல்; மற்றது அடித்தல். தச்சரின் துரப்பணம் சுழற்றும் இனத்தைச் சேர்ந்தது. வில்லின் நாணையோ கயிற்றையோ தண்டிலே சுற்றி முன்னும் பின்னும் இழுக்க, நுனியிலுள்ள இரும்பு மரத்தைக் குடையும். மணி கோப்போரும் இவ்வாறே மணிகளைத் துளைத்தனர். கற்றச்சரின் உளியோ அடிக்கும் இனம். அநுராதபுரத்திலும் பொலன்னறுவையிலும் பாறைகளின் விளிம்பிலே வரிசை வரிசையாகச் சதுரக் குழிகள் இருப்பதை அங்கு சென்றோர் கண்டிருப்பர். மாமல்லபுரத்துப் பாறைகளிலும் அத்தகைய குழிகள் உள. குழிகளில் ஆப்பை இறுக்கிப் பாறையைப் பிளப்பதே அக்காலத்து முறை. ஒவ்வொரு குழியும் ஒருவனுடைய தோள்வலியால் ஆனது.

உளியால் ஆழமான உருண்டைத் துளை போடும் கற்றச்சனின் கையை உற்று நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். அவன் ஓர் அடி அடிப்பான், உளியைச் சிறிது திருப்புவான், மறுபடி அடிப்பான். திருப்பாமல் அடித்தால் உளி குழியிற் சிக்கிக்கொள்ளும். திருப்பி அடித்தாலோ ஒவ்வோர் அடியும் புதிய இடத்தில் விழுந்து கல்லை நொறுக்கும். அடியும் சுழற்சியும் அவன் கையிலேயே கூடிவிட்டன. இன்று கடையில் விற்கும் பொறி செய்வதும் இதனையே, வேகந்தான் வேறு.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே உலகம் முழுவதும் துறைமுகங்களும் இருப்புப்பாதைகளும் எழுந்தபோது கைவலி போதவில்லை. கொழும்புத் துறைமுகத்தின் தென்மேற்கு அலைதடுப்பணைக்கு 1875இல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். 1885இல் அது நிறைவெய்தியது. அதற்கு வேண்டிய கருங்கல்லை மகரவிலே உடைத்தவர்கள் சிறைக்கைதிகள். இன்று அவ்வணையை நோக்குவோருள் எத்தனை பேர் அக்கைதிகளை எண்ணுகின்றனர் என்பது ஐயமே.

அதே காலத்தில் ஐரோப்பாவிலே வேறொரு வழி திறந்தது. பிரான்சுக்கும் இத்தாலிக்கும் இடையே அல்ப்ஸ் மலையைக் குடைந்து இருப்புப்பாதை போடும் வேலை 1857இல் தொடங்கிற்று. பன்னிரண்டு கிலோமீற்றருக்கு மேற்பட்ட நீளம். கையால் துளையிட்டால் ஒரு தலைமுறை கழியும் என்று அஞ்சினர். சொமேலியே என்னும் எந்திரி அழுத்திய காற்றினால் இயங்கும் துளைப்பொறிகளை அங்கே புகுத்தினார். 1871இல் புகைவண்டி மலையினூடே ஓடிற்று. காற்றை அழுத்திக் குழாய் வழியே அனுப்பினால், அது மறுமுனையிலே சம்மட்டியாக மாறும் என்பதை உலகம் கண்டுகொண்டது.

ஆனால் அடி வேகமாகியபோது புழுதியும் வேகமாகியது. கையால் அடிப்பவன் எழுப்பும் துகள் கொஞ்சம்; பொறி எழுப்புவதோ மேகம். அமெரிக்கச் சுரங்கங்களிலே முற்காலத் துளைப்பொறிக்குத் தொழிலாளர் இட்ட பெயர் 'கைம்பெண்ணாக்கி' என்பதாகும். கல்லிலுள்ள சிலிக்காத் துகள் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியது. நுரையீரலிலே தங்கி அதனைத் தழும்பாக்கிவிடும். தண்டின் நடுவே ஓட்டையிட்டு நீர் பாய்ச்சித் துகளை நனைக்கும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே அறியப்பட்டிருந்தது. அறிந்திருந்தும், 1930இல் மேற்கு வெர்ஜீனியாவில் ஹோக்ஸ் நெஸ்ட் என்னுமிடத்தில் நீர்மின் நிலையத்துக்கான சுரங்கவழியைத் தோண்டியபோது உலர்ந்தபடியே துளையிட்டனர். பாறையோ பெரும்பாலும் தூய சிலிக்கா. வேலை செய்தவர்களிற் பெரும்பாலோர் பிழைப்புத் தேடி வந்த கறுப்பின மக்கள். சில ஆண்டுகளுக்குள் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். மின்சாரத்துக்காக மலையைக் குடைந்த கதைகளில் இதுவும் ஒன்று. லக்சபானாவின் பெருமையைப் பேசும் நாம் இதனையும் சேர்த்துப் பேசுதல் தகும்.

அதிர்ச்சியின் கதையும் அவ்வாறே. விமலசுரேந்திர தம் ஆய்வுரையைப் படித்த அதே 1918ஆம் ஆண்டில், அலிஸ் ஹமில்ற்றன் என்னும் அமெரிக்க மருத்துவப் பெண்மணி இந்தியானா மாநிலத்திலே பெட்போர்ட் என்ற இடத்துச் சுண்ணக்கல் வேலைத்தலங்களுக்குச் சென்றார். காற்றுச் சம்மட்டி பிடித்துக் கல் செதுக்குவோரின் விரல்கள் குளிர்காலைகளிலே வெளிறி மரத்துப்போவதை அவர் ஆராய்ந்து எழுதினார். வெளிறல் குளிர்நாட்டிலேயே நன்கு தெரியும். எம்போன்ற வெப்பநாட்டில் விரல் வெளிறாது போகலாம். உணர்ச்சி மட்டும் மெல்ல மெல்லக் கழன்றுவிடும். சட்டையின் பொத்தானைப் பூட்ட இயலாத முதிய மேசன்மாரைக் காணும்போது முதுமை என்று நாம் கூறிவிடுகிறோம். எல்லாம் முதுமை அன்று.

இனிச் சுரங்கத்தை விட்டு வீட்டுச் சுவருக்கு வருவோம். சுவரில் துளை போடும் தேவை பெரிதும் மின்சாரத்தோடு வந்தது. விளக்குக் கம்பியையும் ஆளியையும் சுவரிலே பொருத்த வேண்டும். ஆணி அடித்தால் சுவர் உதிரும். அதுவரை துளையிலே மரக்கட்டையை இறுக்கி அதில் ஆணி அடித்து வந்தனர். 1911 அளவில் இலண்டன் பிரித்தானிய நூதனசாலையிலே மின்பொருத்துக்களைச் சுவருக்குச் சேதமின்றி அமைக்க வேண்டியிருந்த ஜோன் ஜோசப் றோலிங்ஸ் என்னும் ஒப்பந்தகாரர், நாரினாற் செய்த சிறு குழல் ஒன்றைக் கண்டார். சிறிய துளைக்குள் அக்குழலைச் செருகித் திருகாணியை முறுக்கினால், குழல் விரிந்து சுவரைப் பற்றிக்கொள்ளும். நம் தொழிலாளர் இன்றும் 'றோல் பிளக்' என்று கூறுவது அம்மனிதரின் பெயரிலிருந்து பிறந்த சொல்லேயாம். 1958இல் ஜேர்மனியில் ஆர்தர் பிஷர் அதனை நைலோனிற் செய்தார்.

மரக்கட்டைக்குப் பெரிய குழி வேண்டும், உளியே போதும். றோல் பிளக்குக்கோ ஆறு, எட்டு மில்லிமீற்றரில் அளவு பிசகாத துளை வேண்டும். சாதாரண உருக்கு அலகு சுவரிலே விரைவில் மழுங்கிவிடும். இங்கேதான் தங்குதன் காபைட்டு உதவிக்கு வந்தது. 1920களில் ஜேர்மனியிலே மின்விளக்கு இழை செய்யும் தொழிலையொட்டிக் கண்டறியப்பட்ட இவ்வன்பொருளைக் குறுப் நிறுவனம் 'விடியா' என்ற பெயரில் விற்றது. 'வைரம் போல்' என்பது அந்த ஜேர்மன் பெயரின் பொருள். துளையலகின் நுனியிலே ஒட்டியிருக்கும் சாம்பல்நிறச் சிறு துண்டு இதுவேயாகும். அது இல்லாவிடின் எத்துணை வலிய பொறியும் கொங்கிறீற்றின் முன் நாணி நிற்கும். பல்லாயிரம் கொடுத்துப் பொறியை வாங்கிவிட்டு நடைபாதைக் கடையிலே மலிந்த அலகைத் தேடும் வழக்கம் எம்மவரிடம் உண்டு. குதிரையை வாங்கி இலாடத்திலே சிக்கனம் பிடிப்பதை ஒத்த செயல் அது.

பொறியின் கதை இன்னும் நீண்டது. ஸ்ருட்கார்ட் நகரில் பைன் என்பவரின் தொழிற்சாலை 1895இல் கையிலேந்தும் மின்துளைப்பானை ஆக்கிற்று. 1917இல் அமெரிக்காவின் பிளக் அன்ட் டெக்கர் நிறுவனத்தார், துப்பாக்கிப் பிடியும் விசையாளியும் கொண்ட துளைப்பானுக்கு உரிமம் பெற்றனர். இன்று நாம் காணும் உருவம் அதுவே. ஆயினும் இவை சுழல்வன மட்டுமே. மரமும் இரும்பும் இவற்றுக்கு வசப்பட்டன; கொங்கிறீற்று வசப்படவில்லை.

பொஷ் நிறுவனத்தின் முதல் மின்கைக்கருவி 1928இல் வந்த முடிவெட்டும் பொறி என்பது வியப்புக்குரியது. நாவிதனின் கையிலே தொடங்கிய அந்நிறுவனமே நான்கு ஆண்டுகள் கழித்து, 1932இல், அடியையும் சுழற்சியையும் ஒரே மின்பொறியில் இணைத்த சுழல்சம்மட்டியைக் கொணர்ந்தது. அதன் உள்ளமைப்பை அறிந்துகொள்ளுதல் வாங்குவோருக்கு மிகவும் பயன்படும். ஆகவே சற்று விரித்துக் கூறுவேன்.

பொறியினுள்ளே ஓர் உருளைக் குழல் இருக்கிறது. மோட்டர் அதனுள் ஓர் ஆடுதண்டை முன்னும் பின்னும் ஓட்டுகிறது. ஆடுதண்டுக்கு முன்னே தனியாக ஓர் இரும்புக் குண்டு. இரண்டுக்கும் இடையே அடைபட்ட காற்று. ஆடுதண்டு முன்னே பாயும்போது இடையிலுள்ள காற்று நெருங்கி, வில்லைப் போலக் குண்டை எறிகிறது. குண்டு சென்று அலகின் பின்முனையை அடிக்கிறது. ஆடுதண்டு பின்வாங்க, குண்டும் இழுபட்டுத் திரும்புகிறது. ஒரு நிமிடத்திலே நாலாயிரம், ஐயாயிரம் முறை இது நிகழும். அடியின் பெரும்பகுதி கல்லுக்குச் செல்லும். பிடித்திருப்பவன் கைக்கு வருவது காற்று வில்லினால் தணிந்த மீதியே. அடி கருவியினுள்ளே பிறக்கிறது. மனிதனின் தோளிலே அன்று.

சாதாரணமாக 'ஹமர் ட்ரில்' என விற்கப்படும் மற்றொரு கருவியில் இக்குண்டும் இல்லை, காற்றும் இல்லை. பல்லுள்ள இரண்டு தட்டுக்கள் ஒன்றன்மேல் ஒன்று உராய்ந்து துள்ளுகின்றன, அவ்வளவே. நிமிடத்துக்கு நாற்பதாயிரம் துள்ளல் என்று பெட்டியிலே பெருமையாக எழுதியிருப்பர். ஒவ்வொன்றும் கொசுக்கடி. துளை இறங்க வேண்டுமானால் தொழிலாளி தன் உடம்பின் பாரத்தை அதன்மேற் சாய்க்க வேண்டும். செங்கல்லுக்கு அது போதும். கொங்கிறீற்று வளைக்கும் தூணுக்கும் போதாது. இருபெயரும் ஒன்றாக வழங்குவதாலேயே பலர் ஏமாறுகின்றனர். கடையில் வேறுபடுத்தி அறிய எளிய வழி உண்டு. அலகைக் கருவியிற் செருகிக் கையால் இழுத்துப் பார்க்க வேண்டும். சுழல்சம்மட்டியில் அலகு கழன்று வராது; ஆனால் ஏறத்தாழ ஒரு சதமமீற்றர் முன்னும் பின்னும் தளர்ந்து நகரும். குண்டின் அடியை வாங்க அதற்கு அந்த இடைவெளி வேண்டும். மற்றதில் மூன்று தாடைகள் அலகை அசையாமற் கவ்வியிருக்கும்.

தளர்ந்து நகரும் இப்பிடிக்கு 1975இல் பொஷ் நிறுவனம் புகுத்திய முறையே இன்று உலகெங்கும் வழங்குவது. ஜேர்மன் மொழியிலே 'செருகு, திருப்பு, அமர்ந்தது' என்னும் மூன்று சொற்களின் முதலெழுத்துக்களைக் கூட்டி எஸ்.டி.எஸ். என்றனர். பத்து மில்லிமீற்றர்த் தண்டுள்ளது எஸ்.டி.எஸ். பிளஸ்; பதினெட்டு மில்லிமீற்றர்த் தண்டுள்ளது எஸ்.டி.எஸ். மக்ஸ். முன்னது கையாளுவோருக்கு, பின்னது இடிப்போருக்கு என்று மேலோட்டமாகக் கொள்ளலாம். தண்டிலே சிறிது மசகு பூசிச் செருகுவது வழக்கம். பூசாதவர்களின் கருவி விரைவிலே தேய்வதை யாவரும் காண்கின்றனர். ஆயினும் பூசுவோர் குறைவு.

இனிக் கம்பி அறுந்த கதை. 1961இல் பிளக் அன்ட் டெக்கர் நிறுவனம் நிக்கல் கட்மியம் பற்றரியால் இயங்கும் துளைப்பானை வெளியிட்டது. விண்வெளிப் பயணத்துக்காகவே கம்பியில்லாக் கருவி கண்டுபிடிக்கப்பட்டது என்று பலர் கூறுவர். அது சரியன்று, கருவி முன்னரே கடைக்கு வந்துவிட்டது, விண்வெளிக்குப் பின்னரே சென்றது. சென்றது மெய். 1971இல் அப்பலோ 15 பயணத்திலே டேவிட் ஸ்கொட் நிலவின் தரையில் துளையிட்ட கருவி, பற்றரியால் இயங்கிச் சுழன்று அடிக்கும் இனத்தைச் சேர்ந்ததே. எண்ணிய ஆழத்துக்கு அது இறங்கவில்லை. தண்டுகளை இணைக்குமிடத்தில் துகள் வெளியேறும் சுருட்பள்ளம் ஆழங்குறைந்து போனதால், நிலவின் புழுதி அங்கே அடைத்துக்கொண்டது. அடுத்த பயணத்துக்கு அவ்வமைப்பைத் திருத்தினர். துளையிலிருந்து தூள் வெளியேறாவிட்டால் எந்த வலுவும் உதவாது என்பதை நிலவிலே கற்றார்கள். கொலன்னாவையிலும் ஆழத் துளையிடுவோர் இடையிடையே அலகை வெளியே இழுத்துத் தூளைக் கழிப்பது இதனாலேயே.

நிக்கல் கட்மியம் பாரமானது, விரைவிலே களைத்துப்போவது. கொங்கிறீற்றுக்கு அது ஈடுகொடுக்கவில்லை. 1991இல் முதன்முதலாகச் சந்தைக்கு வந்த இலிதியம் அயன் மின்கலம், 2005 அளவிலே கட்டட வேலைக் கருவிகளுக்குள் புகுந்தது. கரித்தூரிகை இல்லாத மோட்டரும் அதனோடு சேர்ந்தபோது, கம்பியுள்ள பொறியைக் கம்பியில்லாப் பொறி எட்டிப் பிடித்தது. முற்றிலும் அன்று, எவ்வளவு என்பதே இனி நாம் பார்க்க வேண்டியது.

கொலன்னாவைக்குக் கம்பியில்லாக் கருவி பொருத்தமானது என்பதற்கு வெள்ளமே முதற் சான்று. 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகியபோது அப்பகுதியின் தாழ்நிலங்கள் நீரில் அமிழ்ந்தன. வெள்ளம் வடிந்த வீடுகளில் ஈரச் சுவருக்கும் சேற்றுத் தரைக்கும் நடுவே 230 வோல்ற்று இணைப்புக் கம்பியை இழுத்து வேலை செய்வது உயிரோடு விளையாடுவதாகும். கம்பியின் உறை ஓரிடத்திலே கிழிந்திருந்தால் போதும். 18 வோல்ற்றுப் பற்றரியால் அந்த ஆபத்து இல்லை. ஆனால் சுவருக்குள்ளே மறைந்தோடும் மின்கம்பியைத் துளைத்துவிட்டால் பற்றரிக் கருவியும் காப்பாற்றாது, அதனை மறந்துவிடலாகாது. 2022 மார்ச் இறுதியிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு நிலவியதும் நேயர்கள் நினைவில் இருக்கும். அந்நாட்களில் மின்சாரம் வந்த சிறு நேரத்திலே இரண்டு பற்றரிகளை நிரப்பி வைத்தவர்களுக்கு வேலை நடந்தது.

எவ்வளவு வலுவுள்ளதை வாங்குவது? வலுவை யூல் என்ற அளவாற் குறிப்பர். ஒரு கிலோகிராம் கல்லைப் பத்துச் சதமமீற்றர் உயரத்திலிருந்து விழவிட்டால் அதன் அடி ஏறத்தாழ ஒரு யூல். இரண்டு யூல் சுழல்சம்மட்டி என்றால், அக்கல் இருபது சதமமீற்றரிலிருந்து விநாடிக்கு எழுபது முறைக்கு மேல் விழுவதாக எண்ணிக்கொள்ளலாம். ஒரு வீட்டு வேலைத்தலத்திலே போடும் துளைகளில் மிகப்பெரும்பாலானவை ஆறு முதல் பன்னிரண்டு மில்லிமீற்றர் வரை: குழாய்ப் பிடி, ஆளிப்பெட்டி, சன்னற் சட்டம், கூரைச் சட்டகம். இவற்றுக்கு 18 வோல்ற்று, இரண்டு அல்லது இரண்டரை யூல் உள்ள எஸ்.டி.எஸ். பிளஸ் கருவி போதும். பற்றரியோடு அது மூன்று கிலோகிராம் அளவிலேயே அமையும். நான்கு, ஐந்து யூல் என்று பெரியதை வாங்கி, ஏணிமேல் நின்று தலைக்கு மேலே தூக்கிப் பிடிப்பவன் மாலையிலே அதன் பலனை அறிவான். பழைய சுவரை இடிக்கவும் இருபத்தைந்து மில்லிமீற்றர்த் துளைகள் பல போடவும் வேண்டுமாயின், கம்பியுள்ள பெரிய பொறியை அன்றைக்கு மட்டும் வாடகைக்கு எடுப்பதே அறிவுடைமை. ஒரே கருவி எல்லாம் செய்யும் என்ற கடைக்காரரின் சொல்லை நான் நம்புவதில்லை.

கொழும்புப் பகுதியின் பழைய வீடுகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அவற்றிற் பல, கபுக் எனப்படும் செம்பூரான் கல்லாலும் சுண்ணச் சாந்தாலும் ஆனவை. அக்கல்லிலே சம்மட்டி அடித்தால் துளை கிண்ணம் போல் அகன்று றோல் பிளக் ஆடும். பொள்ளற் சீமெந்துக் கல்லோ உட்புறமாக உடைந்து விழும். ஆகவே அடியை நிறுத்திச் சுழற்சியை மட்டும் வைத்துக்கொள்ளும் வசதியும், சுழற்சியை நிறுத்தி உளியாக மட்டும் பயன்படுத்தும் வசதியும் கருவியில் உண்டா என்று பார்த்தல் வேண்டும். கொங்கிறீற்றினுள் இரும்புக் கம்பியில் அலகு முட்டினால் பொறி கையைத் திருகி எறியும். மணிக்கட்டு முறிந்தோர் உண்டு. அந்நேரத்திற் சுழற்சியைத் தானே விடுவிக்கும் காப்பு, பக்கப்பிடி ஆகிய இரண்டும் இல்லாத கருவியை இலவசமாகத் தந்தாலும் வாங்கலாகாது. பக்கப்பிடியைக் கழற்றி எங்கோ வைத்துவிட்டு ஒற்றைக் கையால் வேலை செய்யும் 'பாஸ்'மாரை நாம் நாள்தோறும் காண்கிறோம். 'பாஸ்' என்பது ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல். தலைவன் என்று அதன் பொருள். தலைவர்களுக்கும் மணிக்கட்டு இரண்டே.

அதிர்வு எண் கருவியின் கைந்நூலிலே சிறிய எழுத்தில் இருக்கும். அதனை ஒருவரும் வாசிப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் வகுத்த விதிப்படி, எட்டு மணிநேர வேலைக்கு இரண்டரை என்ற அளவைக் கடந்தால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும். ஐந்தைக் கடக்கவே கூடாது. சுழல்சம்மட்டியின் அதிர்வு பெரும்பாலும் பத்துக்கு மேல். பத்து என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால், விசையை அழுத்தியபடி அரை மணிநேரம் வேலை செய்ததும் முதல் அளவு நிரம்பிவிடும். இரண்டு மணிநேரத்தில் இரண்டாவதும் நிரம்பிவிடும். அதிர்வு இரட்டித்தால் நேரம் நான்கில் ஒன்றாகச் சுருங்கும். ஆகவே விலையில் ஒத்த இரு கருவிகளில், யூல் சற்றுக் குறைந்தாலும் அதிர்வு குறைந்ததையே நான் தேர்வேன். பெட்போர்ட் கல்வெட்டுவோருக்கு இவ்வெண்ணைத் தேடிப்பார்க்கும் வாய்ப்பு இருக்கவில்லை. கருவியை அழுத்தியும் பயனில்லை. அளவுக்கு மேல் அழுத்தினால் அடி தடைப்பட்டு, அதிர்வு மட்டும் கைக்கு வரும்.

புழுதிக்கு வழி இரண்டு. அலகைச் சுற்றித் துகளை உறிஞ்சும் இணைப்பு ஒன்று. நடுவே ஓட்டையுள்ள அலகைத் தூசியுறிஞ்சியோடு பொருத்துவது மற்றொன்று. சுரங்கத்திற் போல் நீரூற்றுவது மின்கருவிக்கு ஒவ்வாது. இவ்விணைப்புக்கள் எம் கடைகளில் எளிதாகக் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் விலை மிகுதி. அதுவரை முகத்தோடு இறுகிப் பொருந்தும் துகள் முகமூடியாவது வேண்டும். வாயில் கட்டிய கைக்குட்டை சிலிக்காவைத் தடுக்காது. தூளை வாயால் ஊதிக் கழிப்பதும் வேண்டாம். சிறு கைப்பம்பு ஒன்றே போதும். துளையைச் சுத்தம் செய்வது நெஞ்சுக்காக மட்டும் அன்று. இரசாயனப் பசையிட்டு இருப்பாணியைப் பதிக்கும்போது தூள் எஞ்சியிருந்தால், பசை தூளைப் பற்றும், சுவரைப் பற்றாது. பலகணியின் கைப்பிடிக் கம்பி அவ்வாறு பதிக்கப்பட்டிருந்தால், அதிற் சாயும் குழந்தையின் நிலை யாது?

எண்ணெய்த் தாங்கிகளை முதலிலே குறிப்பிட்டேன். எரிபொருள் ஆவி உலவக்கூடிய வளாகங்களில், கம்பியில்லை என்ற காரணத்தால் இக்கருவி பாதுகாப்பானது என்று எண்ணுவோர் உளர். கல்லிலும் இரும்பிலும் அலகு மோதும் பொறி ஒன்றே போதும். மோட்டரின் தீப்பொறி வேறு. அத்தகைய இடங்களில் எழுத்திலே அனுமதியின்றி எந்தத் துளைப்பானையும் இயக்கலாகாது.

இறுதியாகப் பற்றரி. கருவியை வாங்குவோர் உண்மையில் ஒரு பற்றரிக் குடும்பத்தை வாங்குகின்றனர்; ஒரு நிறுவனத்தின் பற்றரி மற்றொன்றின் கருவியிற் பெரும்பாலும் பொருந்தாது. ஆகவே வேலைத்தலத்தில் ஏற்கெனவே எந்த நிறுவனத்தின் கருவிகள் உள்ளன, கொழும்பிலே அதற்குத் திருத்துமிடம் உண்டா என்பவற்றை முதலில் விசாரித்தல் வேண்டும். 18 வோல்ற்றில் ஐந்து அம்பியர் மணி என்றால் தொண்ணூறு வாட்டு மணி வலு அதில் அடங்கியிருக்கிறது. சுழல்சம்மட்டிக்கு அதுவே தக்க அளவு. இரண்டு அம்பியர் மணிச் சிறு பற்றரி திருகாணி முறுக்கவே ஏற்றது. வேலை முடிந்து சூடாயிருக்கும் பற்றரியை உடனே மின்னேற்றாமல், நிழலிலே ஆறவிட்டு ஏற்றினால் அதன் ஆயுள் நீளும். தகரக் கொட்டகையின் கீழ் வெயிலில் விட்டுச்செல்லுதல் ஆகாது. பெயரைத் திருடி ஒட்டிய போலிப் பற்றரிகள் மலிவாகக் கிடைக்கும். அவற்றில் அதிகச் சூட்டைத் தடுக்கும் சுற்று இருக்குமென்பதற்கு உறுதியில்லை.

உழைத்து ஓய்ந்த பற்றரியைக் குப்பையிலே போடுவதும் ஆகாது. கொலன்னாவையை அடுத்த மீதொட்டமுல்லையில் நகரத்தின் கழிவுகளைக் குவித்த மலை, 2017 ஏப்பிரல் 14ஆந் திகதி, புத்தாண்டு நாளன்று, சரிந்து வீடுகளை மூடியது. முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அச்சரிவுக்குக் காரணம் வேறு. ஆயினும் நசுங்கிய இலிதியம் மின்கலம் குப்பையினுள்ளே தானாகத் தீப்பற்றும். முனைகள் இரண்டையும் ஒட்டுநாடாவால் மூடி, வாங்கிய கடையிலோ மின்கழிவு சேகரிக்கும் நிலையத்திலோ ஒப்படைத்தல் வேண்டும். புதிய கருவியை வாங்கும்போதே, பழைய பற்றரியை ஏற்பீரா என்று கடைக்காரரிடம் கேட்டு வைத்துக்கொள்வது நன்று.